ஆடியில் வந்து பாருங்கள்

கம்பம் ஊரில் காலை பத்து மணிக்குக் காயப்போட்ட வேட்டியைப் பதினொன்றரைக்கு மடித்து வைத்துவிடலாம். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறி வந்துவிடக்கூடிய, கேரள மலையில் இருக்கும் எங்கள் ஊரில், ஆடி மாதத்தில் அதே வேட்டிக்கு ஐந்து நாள் ஆகும். ஐந்தாம் நாளும் காய்ந்திருக்காது. தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கட்டிக்கலாம்" என்ற முடிவுக்கு நாமே வந்துவிடுவோம்.

முதல் ஆடியில் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, நானும் மனைவியும் ஈரத்துணிக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தோம். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, இதெல்லாம் ஸ்டோர்ல கொண்டு போடுங்க" என்றார். ஸ்டோர் என்றால் கடையில்லை. பறித்த பச்சை ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் டிரையர் அறையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஏலக்காய்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டிய சட்டைகள் மறுநாள் காலையில் மொறுமொறுவென்று வந்தன. ஆவணியில் மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோது, பக்கத்து இலைக்காரர் மோந்து பார்த்து, "பாயசம் வந்துருச்சா?" என்று திரும்பினார். வாசம் என் சட்டையிலிருந்து.

நான் தபால் துறையில் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் மதுரை. வெயிலும் சத்தமும் போதும் என்று மலைப்பக்கம் இடம் தேடி, கடைசியில் இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையில், அணக்கரையைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டப் பகுதியில் 2021 ஜனவரியில் குடியேறினோம். இன்னும் இங்கேதான் இருக்கிறோம். "நல்ல இடமா சொல்லுங்க" என்று யார் கேட்டாலும், இடத்தைச் சொல்வதற்கு முன் நான் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றையே இங்கும் எழுதுகிறேன்.

முதல் தப்பு, பார்க்கப் போன மாதம். மதுரையில் அனல் அடிக்கும்போது மேலே ஏறினால் எந்த ஊரும் சொர்க்கமாகத்தான் தெரியும். நாங்கள் பார்த்த ஊர்களையெல்லாம் ஏப்ரல், மே மாதங்களில்தான் பார்த்தோம். தரகர்களும் அந்த நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருப்பார்கள். எந்தத் தரகரும் ஆடியில் போன் செய்து, "சார், இப்ப வந்து பாருங்க" என்று கூப்பிட்டதில்லை.

கொடைக்கானலை ஒரே நாளில் கழித்துக்கட்டினோம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் குளிர் என் முட்டிக்கு ஆகாது. அது போக, வார இறுதியில் பால் வாங்கப் போகவே வண்டி நெரிசலில் நிற்க வேண்டும். (2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்திருக்கிறார்கள். நெரிசலுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?)

அடுத்து மறையூர். உண்மையைச் சொன்னால், எனக்கு இன்னும் மனசு அங்கேதான். மேற்கு மலைகள் மழையை மறித்துவிடுவதால், மூணாறு கொட்டித் தீர்க்கும்போதும் மறையூர்ப் பக்கம் தூறலோடு போய்விடும். சந்தனக் காடு, கரும்புக் காட்டு நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகை, பாறை மேல் பழங்காலக் கற்திட்டைகள். கடைத்தெருவில் முக்கால்வாசிப் பேச்சு தமிழ். வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொஞ்சம் மேலே காந்தளூரில் ஆப்பிள், பூண்டு, கேரட். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தபடியே, "இதுதான்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரரிடம், "உடம்புக்கு முடியலைன்னா எங்க போவீங்க?" என்று கேட்டேன். "உடுமலைக்கு" என்றார். நாற்பது சொச்சம் கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, ஆனால் வழி முழுக்கச் சின்னாறு காடும் ஆனைமலைக் காடும். சாயங்காலத்துக்குப் பிறகு யானை ரோட்டில் நிற்கும், அது போகும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். இன்னொரு பக்கம் மூணாறு, வளைந்து வளைந்து அதுவும் நாற்பது கிலோமீட்டர் பக்கம். நாற்பது வயதில் என்றால் அந்தத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். அறுபதில் எழுந்து வந்துவிட்டோம். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வளாகத்தில் சந்தன மரம் நின்றால் லாட்டரி அடித்ததாக நினைக்காதீர்கள். வனத்துறை இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. திருடனுக்கு மட்டும் அந்தச் சட்டமெல்லாம் கிடையாது.

வட்டவடையும் பார்த்தோம். வரைபடத்தில் கொடைக்கானலுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். அங்கிருந்து அப்படியே வண்டியில் போய்விட முடியாது. மூணாறு சுற்றித்தான் போக வேண்டும். அத்தோடு விட்டுவிட்டோம்.

இப்படிக் கழித்துக் கழித்து வந்தபோதுதான், எதைத் தேடுகிறோம் என்பதே எங்களுக்குப் புரிந்தது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு எவ்வளவு நேரத்தில் இறங்க முடியும் என்று கேட்க ஆரம்பித்தோம். அந்தக் கேள்விக்குக் குமுளிப் பக்கம் நல்ல பதில் சொன்னது. ஒரு மலைப்பாதை குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வழியாகக் கம்பத்துக்கு இறங்குகிறது. இன்னொன்று கம்பமெட்டிலிருந்து நேராகக் கம்பத்துக்கே இறங்குகிறது. ஒன்றை மரம் விழுந்து அடைத்தாலும் மற்றது இருக்கும். கேரளப் பக்கமே போவதானால் கட்டப்பனை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கீழே தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி, மேற்கே கோட்டயம்.

குளிர் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கம்பம் சுமார் 400 மீட்டர். நாங்கள் இருப்பது ஆயிரம் மீட்டர் வாக்கில். ஆக, கணக்குப்படி நான்கு டிகிரிதான் வித்தியாசம் வர வேண்டும். மேகமும் மரமும் காற்றும் சேர்ந்து அதைப் பத்து டிகிரி போல உணர வைக்கின்றன. வயதானவர்களுக்கு இந்த உயரம் போதும். ஸ்வெட்டர் தேவைப்படும், ஹீட்டர் தேவைப்படாது.

சரி, நில விவகாரத்துக்கு வருகிறேன். மலையில் இடம் வாங்க வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் சறுக்கி விழுவது இங்கேதான். அதற்குக் காரணம் ஏமாற்று என்பதைவிட மொழி. மலையாளம் நமக்குச் சுத்தமாகப் புரியாமல் இருந்தால் யாரையாவது கேட்போம். பாதி புரிகிற தைரியத்தில் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

தரகர் ஒருவர் இருபது சென்ட் காட்டினார். "பட்டா இருக்கு சார், கையில வச்சிருக்காங்க" என்றார். தமிழ்நாட்டில் பட்டா என்றால் நமக்கு என்ன அர்த்தம்? வருவாய்த் துறைக் கணக்கில் நிலம் அவர் பேரில் இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே அவர் சொன்னது பட்டயம். அரசு தன் நிலத்தை ஒருவருக்குப் பதித்துக் கொடுத்த பத்திரம். எதற்காகக் கொடுத்தது என்பதும் அதில் எழுதியிருக்கும். 1964-ம் வருடத்து நில ஒதுக்கீட்டு விதிகளின் கீழ் கொடுத்த நிலமென்றால் விவசாயத்துக்கு, குடியிருக்க என்று நிபந்தனை இருக்கும். ஏலம் பயிரிடுவதற்கென்றே குத்தகைக்குக் கொடுத்த பூமியும் இந்த மலையில் நிறைய. அதில் ஏலச்செடி நடலாம். ஓய்வுக்கால வீடு கட்டலாமா என்பது வேறு கேள்வி. 2019-லிருந்து இடுக்கியில் கட்டட அனுமதி கேட்டால், இந்த நிலம் எந்தத் தேவைக்காகக் கொடுக்கப்பட்டது என்று வில்லேஜ் ஆபீசில் சான்று வாங்கி வரச் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில், ஏலமலை நிலங்களில் புதிதாகப் பட்டயம் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. எனவே, "பட்டயத்துக்கு எழுதிப் போட்டிருக்கு, வந்துரும்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். அந்த இருபது சென்ட்டைப் பற்றி விசாரிக்க நானே வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "போக்குவரவு செய்தோ?" என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம், புரிந்துவிட்டதே என்று. "இருக்கு மேடம், காலையில ரெண்டு பஸ், சாயங்காலம் ஒண்ணு" என்றேன். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. போக்குவரவு என்றால் பெயர் மாற்றம். விற்பவர் வாங்கிய பிறகு நிலம் வருவாய்க் கணக்கில் அவர் பேருக்கு மாறியிருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். மாறவில்லை என்பது அப்புறம் தெரிந்தது. வரி ரசீது இன்னும் அவருடைய அப்பா பேரில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஐந்து பிள்ளைகள்.

அன்று அசடு வழிந்ததில் ஒரு நன்மை. அந்த அம்மாவே ஒரு வெள்ளைத்தாளில், வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம். நம் ஊரில் சொல்கிற அத்தாட்சி அல்ல. அதற்கு முந்தைய கைமாற்றங்களின் முன்னாதாரம். நடப்பு வருடம் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது. அதில் தண்டப்பேர் எண்ணும் (வருவாய்க் கணக்கில் நிலத்துக்காரருக்கு உள்ள எண்) விற்பவர் பேரும் இருக்க வேண்டும். நிலம் அவர் கையில்தான் இருக்கிறது என்ற கைவசச் சான்று. வில்லங்கச் சான்று. பட்டய நிலமென்றால் பட்டயத்தின் நகல், நிபந்தனைப் பக்கத்தோடு. எல்லாமே மலையாளத்தில் இருக்கும். விற்பவர் கூட்டி வருகிறவரிடம் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்களே ஒரு வக்கீலையோ ஆதாரம் எழுதுகிறவரையோ காசு கொடுத்துப் பிடியுங்கள். குமுளியிலும் கட்டப்பனையிலும் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வாங்கவில்லை. இன்றுவரை வாடகைதான். மதுரை வீட்டை வாடகைக்கு விட்டு, அதில் பாதிக்கும் குறைவான பணத்தில் இங்கே குடியிருக்கிறோம். "வாடகை வீட்ல என்னப்பா ஓய்வுக்காலம்" என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். வாடகை என்பதால்தான் முதல் வீட்டை விட்டு ஓடி வர முடிந்தது.

அந்த முதல் வீட்டைச் சொல்ல வேண்டும். மலை விளிம்பில், தோட்டத்து நடுவே தனி வீடு. முன் திண்ணையில் உட்கார்ந்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க, வயல், தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம், ராத்திரியில் விளக்குகள். ஜனவரியில் போய்ப் பார்த்து அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். ஜூன் முதல் வாரம் காற்று ஆரம்பித்தது. ராமக்கல்மேட்டில் ஏன் காற்றாலைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதே விளிம்பில்தான் எங்கள் வீடும். மேற்கிலிருந்து வரும் காற்று மலையில் ஏறி, விளிம்பைத் தாண்டிக் கீழே பாயும் இடம். தகரக் கூரை ராத்திரி முழுக்க லாரி போவதுபோல அதிரும். ஜன்னல் கொக்கி தானாகக் கழன்றுகொள்ளும். அமைதியைத் தேடி வந்தவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன், இரண்டரை மாதம். பள்ளத்தாக்கு அழகு இருந்ததே என்பீர்கள். மூடுபனியில் முற்றத்துக் கொய்யா மரமே தெரியாது.

காற்றை விடுங்கள், அதற்குப் பழகிவிடலாம். மருந்து அடிக்கிறதுக்குப் பழக முடியாது. ஏலக்காய் பூச்சிக்குப் பயந்த பயிர். மாதத்துக்கு ஒருமுறையாவது ஹோஸ் பிடித்துத் தெளிப்பார்கள். சுற்றிலும் நான்கு பேருடைய தோட்டம் என்றால் ஏதாவது ஒரு பக்கம் தெளிப்பு நடந்துகொண்டே இருக்கும். பச்சைப் பசேல் என்ற படத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தமான காற்று என்று நினைத்து வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. முதல் தடவை வாடை வந்தபோது சமையல் கேஸ் கசிகிறதோ என்று சிலிண்டரைப் போய் மூடினேன். தோட்டத்தை ஒட்டி வீடு எடுப்பதானால், கிணறும் தண்ணீர்த் தொட்டியும் மூடியிருக்கின்றனவா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மேட்டில் யாருடைய தோட்டம் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே பல வீடுகளுக்கு ஓலிதான் தண்ணீர். மலைச்சரிவில் ஊறிவரும் சின்ன ஊற்றுக்குழி. மேலே தெளித்த மருந்து மழையோடு எங்கே வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு இளைப்பு உண்டு. மதுரையில் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். இங்கே சுவரில் பூஞ்சை, தலையணையில் ஈரம், இடையில் இந்த மருந்து வாடை. அந்த ஆடியில் ஒரு ராத்திரி, பதினொன்று இருக்கும், எழுந்து உட்கார்ந்தவள் மூச்சு விட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்ஹேலர் கேட்கவில்லை. கரண்டும் இல்லை. ஆம்புலன்சுக்கு அடித்தேன். விளிம்பில் இருக்கும் வீடு என்பதால் என் போன் எப்போதும் கீழே தமிழ்நாட்டு டவரைத்தான் பிடிக்கும். எடுத்தவர் தெளிவான தமிழில், "தேனி மாவட்டத்துல எந்த ஊர் சார்?" என்றார். இடுக்கி என்றதும் அவருக்கும் எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு சேட்டன் வீட்டுக்கு ஓடினேன். அவர் லுங்கியோடு ஜீப்பை எடுத்தார். வண்டியில் ஏற்றியபின் கேட்டார்: "கட்டப்பனைக்கா, கம்பத்துக்கா?"

எனக்கு வாயில் பதில் இல்லை. நோட்டுப் போட்டு ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தவனுக்கு, அந்த நேரத்தில் இடது பக்கமா வலது பக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. கம்பத்தில் தெரிந்த டாக்டர் உண்டு, ஆனால் மலைப்பாதையில் பத்தடிக்கு மேல் தெரியாத பனி. கட்டப்பனையில் யாரையும் தெரியாது. பின்சீட்டில் இருந்து சேச்சிதான், அவர் மனைவி, "கட்டப்பனை போ" என்று முடிவெடுத்தார். பனியில் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார் சேட்டன். வழக்கமாக அரைமணி, முக்கால் மணியில் போகிற தூரம். அன்று ஒன்றரை மணி நேரம். இரண்டு நாள் படுக்கை, ஆக்சிஜன், அப்புறம் சரியாகிவிட்டது. கிளம்பும்போது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இங்க குடிவர்றதுக்கு முன்னாடி நெஞ்சு டாக்டர் யாரையாச்சும் கேட்டீங்களா?" ரத்த அழுத்தம், சர்க்கரை, முட்டி எல்லாவற்றுக்கும் கேட்டிருந்தோம். அதை மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த பழக்கங்கள் இவை. எந்த நோவுக்கு எந்தப் பக்கம் போவது என்று பகலிலேயே பேசி முடித்து, சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். டாக்டர் சீட்டெல்லாம் ஒரே பைல். மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்கு முன்னதாகவே வாங்கி வைப்பது. நெபுலைசரும் அதை ஓட்ட ஒரு சின்ன இன்வெர்ட்டரும். கேரள டவரைப் பிடிக்கும் இன்னொரு சிம். மெத்தை ஆடி முழுக்கக் கட்டில்மேல் சாய்த்து நிறுத்தியே இருக்கும், படுக்கும்போது மட்டும் கீழே.

வீட்டையும் மாற்றினோம். இப்போது இருப்பது கவலையில். பயப்பட வேண்டாம், இங்கே கவல என்றால் ரோடுகள் கூடும் முக்கு. மருந்துக்கடை, மளிகைக்கடை, டீக்கடை, பஸ் நிற்கும் மரம், எல்லாம் இருநூறு அடியில். வீட்டைச் சுற்றித் தோட்டம் இல்லை, பின்னால் மேடும் இல்லை. பள்ளத்தாக்கும் தெரியாது; எதிர்வீட்டு மதில்தான் தெரியும். மனைவிக்கு இந்த வீடுதான் பிடித்திருக்கிறது. காட்சி இரண்டு மாதத்தில் சலித்துவிட்டது, பால் வாங்கப் போகும்போது நான்கு பேரோடு பேசுவது நாலு வருடமாகச் சலிக்கவில்லை என்கிறாள். பெருநாள் நேரத்தில் பள்ளியின் ஒலிபெருக்கி மூன்று நாள் பாடும். (பள்ளி என்றால் இங்கே சர்ச்சும்தான், பெருநாள் அதன் திருவிழா. நான் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்தேன்.) கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம். கம்பத்தில் நெரிசல் ஏறினால் ஐயப்பன்மார் வண்டிகளைக் கம்பமெட்டு வழியாக ஏற்றிவிட்டுக் குமுளி வழியாக இறக்குவார்கள். அந்த நாட்களில் கம்பமெட்டு ரோட்டோரத்தில் தூக்கம் கிடையாது. அமைதியான இடம் என்று எவரேனும் வீடு காட்டினால் எந்த மாதத்தில் அமைதி என்று கேளுங்கள்.

பின்னால் மேடு இல்லை என்று சொன்னேன் அல்லவா? அதை நான் தற்செயலாகச் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்து வீடுகளை மூடியது. எழுபது பேர், தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். நாங்கள் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தோம். செய்தி கேட்ட அன்று பேசாமல் மதுரையிலேயே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. இரண்டும் தென்மேற்குப் பருவமழையில், ஆள் தூங்கும் நேரத்தில்.

முதல் வீட்டுக்குக் கீழே ஒரு வயதான அம்மச்சி இருந்தார். அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். "ஓலியிலே வெள்ளம் கலங்கினா அங்கே நிக்கண்டா, இறங்கிக்கோ" என்பார். வெள்ளம் என்றால் மலையாளத்தில் வெறும் தண்ணீர். வருடம் முழுக்கத் தெளிந்து வருகிற ஊற்று மழையில் திடீரென்று சேறாக வந்தால், அல்லது இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்பினால், மலைக்குள் ஏதோ அசைகிறது என்று அர்த்தம். வீடு பார்க்கப் போகும்போது சரிவைக் கவனியுங்கள். மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீடா, பின்னால் வெட்டிய மண்சுவர் பச்சையாக நிற்கிறதா, மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, தரையில், படியில் நீளமான விரிசல் ஓடுகிறதா? ஓடை இருந்த தடத்தை மூடி வீடு எழுப்பியிருந்தால், வாடகை பாதியாக இருந்தாலும் வேண்டாம். ஓடைக்குப் பழைய வழி மறக்காது.

மற்ற நடைமுறைகள் அவ்வளவு கஷ்டமில்லை. ஓய்வூதியத்துக்கு நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றைப் போனிலேயே முகம் காட்டிக் கொடுத்துவிடுகிறேன். அரசு விண்ணப்பம் எதுவானாலும் கவலையிலேயே அட்சயா மையம் இருக்கிறது. பிளாஸ்டிக் குப்பையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வந்து ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துப்போகிறார்கள். கழுவாமல் கொடுத்தால் திட்டு விழும், எனக்கு விழுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிடைக்கும் நூறு யூனிட் இலவச மின்சாரம் எல்லை தாண்டினால் கிடையாது. வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே ஓடினால் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும். என் ஸ்கூட்டரை மாற்றிவிட்டேன்.

எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் காலையில் கம்பம், தேவாரம், போடியிலிருந்து ஏலக்காய் பறிக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறி வருகின்றன, சாயங்காலம் இறங்குகின்றன. காய்கறி கம்பத்திலிருந்து வருகிறது, மீன் கேரளத்திலிருந்து வருகிறது. இதைப் பார்த்தால் எல்லை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் டீக்கடைக்காரரைக் கேட்டால் 2011 டிசம்பரைச் சொல்வார். முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளிப் பாதையே அடைபட்ட நாட்கள். 2020-ல் கொரோனாவுக்கு மறுபடி அடைத்தார்கள். பிள்ளைகளும் பேங்க்கும் டாக்டரும் ஒரு பக்கம், நாம் இன்னொரு பக்கம் என்றால், எப்போதாவது ஒருமுறை அது இரண்டு நாடு போல ஆகிவிடும். மாத்திரையை ஒரு மாதத்துக்கு முன்னதாக வாங்கி வைப்பதற்கு இதுவும் காரணம்.

யானையைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். சின்னக்கானல் பக்கம் அரிசிக்காகக் கடை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27-ம் தேதி அது கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து போனது. அன்று மலையில் இருந்த எங்களுக்குக் கம்பத்திலிருந்து என் அக்கா போன் செய்து, "பத்திரமா இருக்கீங்களாடா?" என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே யானை போன தெரு அவள் தெரு.

போன மே மாதம் மனைவியின் தம்பி பேசினான். அவனும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறான். "மச்சான், லீவு போட்டிருக்கேன், இப்பவே வந்து நாலு இடம் பாத்துரவா?" என்றான். "இப்ப வேணாம் மாப்ளே, ஆடியில வா, ஒரு வாரம் தங்குற மாதிரி வா" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், விருந்துக்கு வேண்டாம் என்றதுபோல எடுத்துக்கொண்டான்.

ஆடி இரண்டாம் வாரம் வந்தான். வந்த அன்றே குமுளியில் இறங்கும்போது நனைந்து, வீட்டுக்கு வருவதற்குள் ஒருமுறை நனைந்து, மாற்றியதைக் கட்டிக்கொண்டு சிகரெட் வாங்கக் கவலைக்குப் போய் மூன்றாவது முறையும் நனைந்தான். கணுக்காலில் ஒரு அட்டை. உப்பு வைத்து எடுத்தேன். மூன்றாம் நாள் காலையில், என் லுங்கியைக் கட்டிக்கொண்டு கொடியில் தொங்கிய தன் மூன்று பேன்ட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"மச்சான், இது எப்பத்தான் காயும்?"

"சேட்டன் நாளைக்கு ஏலக்காய் போடுறாராம். அதோட சேத்துப் போட்டுரலாம்" என்றேன்.